ஜாடியில் இருந்த மலைப்பழம் குறித்து, என் மீதே ஒரு புகார்

அனுப்புநர்:
தர மதிப்பீட்டாளர் (சுவைப் பிரிவு),
மூலிகைக் கொள்முதல் கிடங்கு.

பெறுநர்:
தரக்கட்டுப்பாட்டு இயக்குநர் அவர்கள்,
தலைமை அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: ஆய்வக அம்மையார் மீது நான் கொடுத்த புகாரை ரத்து செய்து, அதை என் மீதான புகாராக ஏற்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: சென்ற மாதம் நான் கொடுத்த நான்கு பக்கப் புகார் (சிவப்பு மையால் அடிக்கோடிட்டது).

மதிப்பிற்குரிய ஐயா,

1. இருபத்திரண்டு ஆண்டுகளாக இக்கிடங்குக்கு வரும் உலர் பழங்களை வாயில் போட்டு இனம் சொல்லும் பணியில் இருக்கிறேன். இங்கே என்னை 'நாக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். அதைப் பட்டமாக நினைத்துப் பூரித்துத் திரிந்தவன் நான் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. ஈரல் மருந்துக்கு வாங்கும் சிவப்புப் பழத்தில் மலைப்பழம், தரைப்பழம் என இரண்டு இனங்கள். காய்ந்துவிட்டால் அக்கா தங்கை போலத்தான் இருக்கும். மருந்துக்கு உதவும் சத்து மலைப்பழத்தில் மட்டுமே உண்டு. சென்ற மாதம் மலைப்பழம் என்று நாற்பது மூட்டை வந்தது. என் மேசை ஜாடியில் உள்ள மூல மாதிரியில் ஒன்றையும், மூட்டையில் ஒன்றையும் மென்றேன். ஒரே சுவை. கையெழுத்துப் போட்டேன்.

3. ஆய்வக அம்மையார் அதே பழத்தைக் கரைத்துக் கருவியில் செலுத்தினார். அந்தக் கருவி சேர்மங்களைப் பிரித்து, தாளில் மேடு மேடாகக் கோடு வரையும். மலைப்பழம் என்றால் மூன்றாவது மேடு ஓங்கி நிற்க வேண்டும். இதில் அந்த மேடே இல்லை. நாற்பது மூட்டையும் தரைப்பழம் என்று எழுதிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! ஆய்வகத்துக்குள் புகுந்து, நான் வேலைக்குச் சேர்ந்தபோது நீ பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டாய் என்று கத்தினேன். அவர் நிதானமாக, "ஐயா, உங்க ஜாடியையும் ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாமா?" என்று மட்டும் கேட்டார். ஜாடியை மார்போடு அணைத்து வீட்டுக்கே கொண்டுபோய்விட்டேன். அன்று மாலையே தங்களுக்குப் புகார் எழுதினேன்: அம்மையார் கவனக்குறைவானவர், கருவி கோளாறு, என் நாக்கு பொய் சொல்லாது. தாங்களும் நம்பி அவரைப் பணியிடை நீக்கம் செய்தீர்கள். என் எழுத்து அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது.

4. கடந்த ஞாயிறு, சும்மா இருந்த வாய்க்கு ஜாடியிலிருந்து ஒரு பழத்தைப் போட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி, "மாதிரியையே தின்னுட்டா, அப்புறம் எதை வச்சு ஒத்துப் பாப்பீங்க?" என்றாள். குறையக் குறைய, நான் தேர்ச்சி தந்த மூட்டையிலிருந்தே நிரப்பிவிடுவேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அப்போதுதான், ஐயா, எனக்கு உறைத்தது. முதலாண்டு வைத்த மூலப் பழம் எந்தக் காலத்திலோ என் வயிற்றுக்குள் போய்விட்டது. அதன் பிறகு நான் ஒப்பிட்டதெல்லாம் என் கையெழுத்தை என் கையெழுத்தோடுதான்.

5. திங்களன்று ஜாடியை நானே ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த உதவியாளர் ஏழு பழங்களைச் சோதித்தார். ஒன்றில்கூட மூன்றாவது மேடு இல்லை. எத்தனை ஆண்டுகளாக ஈரல் நோயாளிகள் வெறும் புளிப்புத் தண்ணீரைக் குடித்தார்களோ, அந்தக் கணக்கு என்னிடமே இல்லை.

6. வரும் வெள்ளிக்கிழமை விசாரணையில் அம்மையாரின் வேலை போய்விடும் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன் அவரை மீண்டும் பணியில் அமர்த்தவும், நாற்பது மூட்டைகளை நிறுத்தி வைக்கவும், விசாரணை நாற்காலியில் என்னை உட்கார வைக்கவும் வேண்டுகிறேன்.

7. ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். திங்களன்று ஆய்வகத்தில் அம்மையாரின் மேசையில் அரக்கு வைத்து மூடிய சிறு புட்டி ஒன்று இருந்தது. உள்ளே, அவர் சோதித்துத் தேர்ந்த உண்மையான மலைப்பழங்கள். ஒட்டியிருந்த சீட்டில், "நாக்கு ஐயாவுக்கு. ஒப்பிட மட்டும், தின்ன அல்ல" என்று எழுதித் தேதி போட்டிருந்தார். நான் புகார் எழுதிய அதே தேதி. புட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். இத்தனை ஆண்டு மலைப்பழம் என்று கையெழுத்துப் போட்டவனுக்கு அதன் சுவையே நினைவில்லை. அம்மையார் திரும்பி வந்து தம் கையால் கொடுத்தால்தான் வாங்கிக்கொள்வேன். வெள்ளிக்கிழமைக்குள் அவரை வரவழையுங்கள், ஐயா.

இணைப்பு: ஆய்வுத் தாள்கள் ஏழு, ஜாடி ஒன்று (நான் கை வைக்காதபடி மூடி ஒட்டப்பட்டது).

இடம்: கிடங்கு, மாதிரி அறை
நாள்: செவ்வாய், விசாரணைக்கு மூன்று நாள் முன்பு

தன் நாக்கைத் தானே நம்பிக் கெட்டவன்,
(ஒப்பம்)
தர மதிப்பீட்டாளர்