ஏழுக்கு 1.4

நாள் 611. 06:10
பதிவு: ஸ்டெல்லா தவமணி, உடற்கல்வி அலுவலர், மூன்றாம் பனிச்சுரங்கம், செவ்வாய்க் கிரகம். ஆட்கள் என்னையும் சேர்த்து ஒன்பது. காற்றழுத்தம் சரி. டிரெட்மில் இரண்டும் சரி.

ஊக்க வினாத்தாளை எல்லோரிடமும் நிரப்பி வாங்கியாயிற்று. 'உடற்பயிற்சி எனக்குத் தானாகவே பிடித்திருக்கிறது' என்பதுபோல் இருபது வாக்கியங்கள். ஒன்று முதல் ஏழு வரை குறிக்க வேண்டும். அளப்பவர் நிரப்பத் தேவையில்லை என்பது விதி. ஏழு பேர் எல்லாவற்றுக்கும் ஏழு. டீச்சர் கேட்டால் முழு மதிப்பெண் போட்டுவிடுவது நம் பழக்கம். துளைப்பொறி ஓட்டும் பிச்சாண்டிக்கு மட்டும் சராசரி 1.9. ரேடியோவில் காரணம் கேட்டேன்.

"பொய் எழுத வரல டீச்சர். அந்த மிசின்ல ஓடுனா செக்குமாடு கணக்கா இருக்கு. புடிக்கலன்னா புடிக்கலன்னுதான போடணும்?"

நாள் 614. 13:40
திரும்பும் கப்பலில் ஓர் இருக்கை பழுது. எட்டுப் பேர்தான் போகலாம். பூமியிலிருந்து துணை இயக்குநர் குணாளன்:

"ஏழு மாசம் எடையில்லாப் பயணம். தானா உடற்பயிற்சி செய்யாதவங்க இறங்குறப்போ நிக்கக்கூட முடியாது. ஊக்க மதிப்பெண் யாருக்குக் குறைவோ, அவர் அங்கேயே இருக்கட்டும். அடுத்த கப்பல் இருபத்தாறு மாசத்துல வரும். உங்க சீட் உறுதி மேடம்."

வினாத்தாள் கொடுத்தபோது இதைச் சொல்லவில்லை. உண்மை எழுதியவனுக்குத் தண்டனையாம்.

நாள் 615. 17:25
ஓய்வு நேரம். கிடங்கில் கோடு கிழித்துச் சடுகுடு ஆடுகிறார்கள். பாடிப் போவது பிச்சாண்டி. இங்கே நம் எடை பாதிகூட இல்லை. ஒரே தாவலில் கோட்டைத் தாண்டிச் சுவரில் மோதுகிறான், சிரித்துக்கொண்டே மறுபடி பாடுகிறான். முக்கால் மணி நேரம். நாடித்துடிப்பு அளக்கும் கைவளையம் ஆணியில் தொங்கியது. கணினியைப் பொறுத்தவரை அவன் சும்மா கிடந்தான். ஏழு போட்டவர்களில் மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

யாரும் ஏவாதபோது ஒருவர் என்ன செய்கிறாரோ அதுதான் ஊக்கம் என்று எழுதி அனுப்பினேன். வளையத்தில் பதிவாகாதது செல்லாது என்று பதில்.

நாள் 616. 08:05
நானும் வினாத்தாளை நிரப்பினேன். இருபத்திரண்டு வருடம் விசில் ஊதி மற்றவர்களை ஓடவிட்டவள். நான் ஓடியது முதலில் பதக்கத்துக்கு, பிறகு வேலைக்கு, இங்கே எலும்புக்கு. ஆசைக்கு ஒரு நாளும் ஓடியதில்லை. மதிப்பெண் 1.4. கணினி ஏற்றுக்கொண்டது. உடனே குணாளன்:

"மேடம், உங்களை யாரு நிரப்பச் சொன்னது?"

"யாரும் சொல்லலை சார். நானாத்தான் செஞ்சேன். இதைத்தானே அளக்கச் சொன்னீங்க?"

இப்போது கடைசி மதிப்பெண் என்னுடையது; என் இருக்கை பிச்சாண்டிக்கு.

நாள் 620. 11:32
கப்பல் கிளம்பியது. பிச்சாண்டியின் கடைசிச் செய்தி:

"எறங்கிக்கிறேன்னா கதவத் தெறக்க மாட்டேங்குறாங்க. நீங்க செஞ்சது தப்பு டீச்சர். தெனமும் ஓடிருங்க. எனக்காகவாவது."

"வாயை மூடிக்கிட்டு பெல்ட்டப் போடு" என்றேன். பிறகு அழுதேன்.

நாள் 631. 09:50
பதினோரு நாளாக ஓடவில்லை. டிரெட்மில்லைப் பார்த்தாலே எரிச்சல். ஏணி ஏறினால் தொடை நடுங்குகிறது. குணாளன்:

"தினமும் ஒரு மணி நேரம் ஓடி வளையத்துல காட்டுங்க மேடம். அடுத்த கப்பல்ல உங்க பேருதான் முதல்ல."

இங்கே இருப்பதே நான் ஒருத்தி. முதல் பெயராம்! ஓடாவிட்டால் என்று கேட்டேன்.

"கப்பல் அனுப்பறதா வேண்டாமான்னு கமிட்டி யோசிக்கும்."

வளையத்தைக் கழற்றிப் பனி அரைக்கும் பொறிக்குள் போட்டேன். நன்றாகவே அரைபட்டது.

நாள் தெரியவில்லை
துடிப்பு வராததால் கணினி என்னை இறந்தவள் என்று குறித்துவிட்டது. கடிகாரத்தையும் நிறுத்திவிட்டது. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிறது. அடுத்தது காற்றாக இருக்கலாம். காற்றுக்குழாய் வால்வைக் கையால் திறந்து கம்பியால் கட்டியிருக்கிறேன். அது எவ்வளவு நாள் தாங்கும் என்று தெரியாது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: இன்று கிடங்கில் ஓடினேன். பிச்சாண்டிக்காக இல்லை, கமிட்டிக்காக இல்லை, எலும்புக்காகக்கூட இல்லை. எவ்வளவு தூரம், எத்தனை நிமிடம், ஏழுக்கு எத்தனை என்று கேட்காதீர்கள். சொல்லமாட்டேன்.