துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தேன்

அன்புள்ள மனைவிக்கு,

நீயும் மாமாவும் சௌக்கியம்தானே? உன் முதுகுவலி குறைந்ததா? நான் நலம்.

என் பேரில் இருந்த துப்பாக்கியை நேற்று காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டேன். இந்த நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்கள் இனி ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்திருப்பதை வங்கி மேலாளரே படித்துச் சொன்னார். இனி நீ பயப்படாமல் தூங்கலாம்.

இன்று வங்கி வாசலில் விசிலோடு நின்றேன். கேன்டீன் சமையல்காரர் நம் ஆள்தான், விடுவாரா? “என்னண்ணே, திருடன் வந்தா ஊதியே விரட்டிடுவீங்களா?”

“நான் ஊதுறேன், நீங்க கரண்டியோட ஓடி வாங்க” என்றேன். அவர் சிரித்த சத்தத்தில் மேலாளரே எட்டிப் பார்த்தார்.

‘மாப்பிள்ளை துப்பாக்கிக்காரர்’ என்று மாமா தெருவெல்லாம் சொல்லி வைத்திருப்பார். அவரிடம் பக்குவமாகச் சொல்.

துப்பாக்கியோடு அதன் பெல்ட்டும் போனதால் பேண்ட் நிற்க மாட்டேன் என்கிறது. என் பழைய பெல்ட்டில் உன் கையால் இன்னொரு துளை போட்டு அனுப்பு. இங்கேயும் பெல்ட் கிடைக்கும்; ஆனாலும் அதையே அனுப்பு.

துப்பாக்கி இல்லாத காவலாளி வேண்டுமா என்று தலைமை அலுவலகம் இன்னும் சொல்லவில்லை. வேண்டாமென்றால் வேலை போகும், நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். மேலாளர் எனக்காகப் பேசியிருக்கிறார். மாதக் கடைசியில் பதில் வருமாம். எந்தப் பதிலுக்கு நான் சந்தோஷப்பட வேண்டும் என்று அதற்குள் எழுது. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உன் வீட்டுக்காரன்