சாவி வைத்திருப்பவரின் பெயர்

அலபாமா மாநிலச் சிறை,
அக்டோபர் 9

அன்புள்ள வெல்மா அக்காவுக்கு,

தம்பி லெமுவேல் எழுதுவது. நான் நலம். இங்கே போடும் சோள ரொட்டியைத் தின்ற பிறகும் நலம் என்றால் பார்த்துக்கொள். உன் மூட்டு வலி தேவலையா? போன மூன்று கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. கோபமில்லை, கேட்டு வைத்தேன்.

வக்கீல் இல்லாமல் நானே, என் தண்டனை செல்லாது என்று ஃபெடரல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டேன். படிவத்தில், உம்மைக் காவலில் வைத்திருப்பவர் யார் என்று ஒரு கேள்வி. தினமும் என் கதவைப் பூட்டுவது காவலர் ஹாலிஸ். உண்மையைத்தானே கேட்கிறார்கள் என்று அவரையே எதிர்மனுதாரராக எழுதிவிட்டேன்.

நீதிமன்றத் தபாலைக் கைதியின் கண்ணெதிரே பிரிக்க வேண்டும் என்பது இங்கே விதி. பிரித்தவர் ஹாலிஸ். முதல் வரியில் என் பெயர், எதிரே அவர் பெயர். அவர் முகம் சுண்டிப்போயிற்று. "போன வாரந்தானேய்யா ஒனக்கு ரெண்டாவது போர்வை குடுத்தேன்? எம்மேலயே கேஸ் போட்டிருக்கியே, நல்லா இருப்பியா நீ" என்றார். "பைபிள் மேல சத்தியமா, படிவம் கேட்டுச்சு, எழுதினேன்" என்றேன்.

உள்ளே இருந்தது நீதிபதியின் உத்தரவு. சிறைக் கண்காணிப்பாளர் பெயரைத்தான் எழுத வேண்டுமாம். முப்பது நாளில் திருத்தி அனுப்பாவிட்டால் மனு தள்ளுபடி. இந்த மனுவைப் போடச் சட்டம் தரும் ஒரு வருடக் கெடுவும் அதோடு முடிகிறது, பிறகு போடவே முடியாது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஹாலிஸ் நகரவில்லை, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருபத்திரண்டு வருஷ சர்வீஸு. இந்த ஆபீஸ்ல எம்பேர ஒருத்தனும் ஒழுங்கா எழுதினதில்ல. ஃபெடரல் ஜட்ஜ் எழுதியிருக்காரு பாரு. ஒரு ஜெராக்ஸ் குடு, வீட்டுக்காரிகிட்ட காட்டணும்" என்றார். இப்போது அவர் பெயரை எடுக்கப்போவதில் எனக்கில்லாத வருத்தம் அவருக்கு.

அக்கா, மனுவின் சாரம் இதுதான். நான் கொள்ளையடித்ததாகச் சொல்லும் அந்தக் கடை கொள்ளை போன சாயங்காலம் நான் உன் அடுப்படியில் கெளுத்தி மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். பாதியைக் கருக்கியதற்கு நீ திட்டினாய். என் வக்கீலோ, "கூடப்பொறந்தவ சாட்சிய எவன் நம்புவான்" என்று உன்னைக் கூப்பிடவே இல்லை. கோர்ட் வாசலை மிதிக்காதே என்று அத்தானும் சொன்னார், நீயும் தட்டவில்லை. அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

நோட்டரி முன்னால் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடு. மீன் கருகியதை விடாமல் எழுது. நவம்பர் முதல் தேதிக்குள் என் கைக்கு வர வேண்டும்.

படிவத்தில் இன்னொரு கேள்வியும் இருந்தது: உமக்காகச் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்? உன் பெயரை எழுதினேன். நீதிபதி மாற்றச் சொன்னது ஹாலிஸ் பெயரை மட்டும்தான். உன் பெயர் அப்படியே இருக்கிறது அக்கா.

உன் மூட்டுக்கும் அத்தானின் மனதுக்கும் கர்த்தர் சுகம் தரட்டும்.

உன் தம்பி,
லெமுவேல்