மாமா நடந்தால் கப்பல்

என் அருமை அத்தைக்கு,

உங்களுக்குத் தமிழ் படிக்க வராது. இங்கே காஜா பேராங் ஊரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த செட்டிக் குடும்பத்துப் பெண் நீங்கள், பேச்செல்லாம் மலாய். தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். மலாயில் எனக்குச் சண்டை போட வரும், மனசில் இருப்பதைச் சொல்ல வராது. அங்கே பக்கத்தில் தமிழ் படித்தவர்கள் இருந்தால் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நாலு பேர் காதில் விழட்டும், எனக்கொன்றும் வெட்கமில்லை.

முதலில் நல்ல செய்தி. உங்கள் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார். நடுவில் எங்களை ஒரு கலக்குக் கலக்கிவிட்டார்.

போகியன்று மாலை உங்களுக்குப் பார்ச்சு படைத்தோம். இறந்தவர்களுக்கு இலை போட்டு, பிடித்ததையெல்லாம் வைத்து, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கிற உங்கள் வீட்டு வழக்கம். இத்தனை வருடம் நீங்கள் படைத்தீர்கள், நான் எடுபிடி. இந்த முறை இலையே உங்களுக்கு. உங்கள் தங்கை லெட்சுமி முன்னால் நின்று எல்லாம் செய்தார். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலிச் சம்பால், அவித்த முட்டை, இனிப்புக்குத் தோடோல். மாமா எப்போதும்போல, "செத்தவங்களுக்கு எதுக்கு விருந்து" என்று முணுமுணுத்தபடி கடைக்குப் போனார். போனார் என்றுதான் நினைத்தோம்.

கதவைச் சாத்தி வாசலில் நிற்கிறோம். உள்ளே தம்ளர் உருளுகிற சத்தம். அடுத்து கனமாக ஏதோ தடால் என்று விழுந்தது. லெட்சுமிக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. "டியா சூடா டத்தாங்" என்றார். வந்துவிட்டாள் என்று. எனக்கும் புல்லரித்தது. "வந்துட்டாங்க சின்னத்தை, கும்பிட்டுக்குங்க" என்று நானே சொன்னேன். உள்ளே மனிதர் விழுந்து கிடக்க, வெளியே நாங்கள் இருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றோம். நீங்கள் சாப்பிட்டு முடிக்க வேண்டுமே என்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாகவே கதவைத் திறந்தோம்.

மாமா உங்கள் இலைக்கு எதிரே ஒருக்களித்துக் கிடந்தார். கொல்லைப்புறமாக வந்து, ஒரு பாயை விரித்துப் போட்டு, உங்களோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு விட்டது. வலது கை துவண்டு கிடந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்ப விழுந்தாரு, விழுந்த உடனே பார்த்தீங்களா?" என்று கேட்டார். என்னவென்று சொல்வது? மாமியார் வந்திருக்கிறார் என்று காத்திருந்தோம் என்றா?

அன்றைக்கு அவர் உங்களிடம் எதற்கு வந்தார் அத்தை? ஏதாவது சொன்னாரா? இங்கே யாருக்கும் தெரியவில்லை. அவரைக் கேட்கவும் வழியில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமானால் கப்பல் விஷயத்தைச் சொல்ல வேண்டும். நீங்கள் போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, மாமா ஆரம்பித்துவிட்டார். "மெர்டேக்காவாம், சுதந்திரம் வரப் போவுது. வெள்ளக்காரன் போனப்புறம் நம்மள யாரு கேக்கப் போறா? நாகப்பட்டணத்துப் பக்கம் வீடிருக்கு, தம்பி மக்க இருக்காங்க. எல்லாருமாப் போயிடுவோம்." நீங்கள் இருந்தவரை இந்தப் பேச்சை எடுத்தால் சட்டியை நங்கென்று வைப்பீர்கள், அதோடு அடங்கிவிடுவார். இப்போது சட்டி வைக்க ஆளில்லை. உங்கள் மகன் வழக்கம்போல, "அப்பா சொன்னா சரிதான்" என்றார். நம் கடையை வாங்கவும் ஆள் பார்த்துவிட்டார்கள்.

என்னை யாரும் கேட்கவில்லை. நான் பத்து பெரெண்டாம் என்கிற ஊர்ப்பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். என் அம்மாவும் அப்பாவும் இன்னும் அங்கேதான் பால் வெட்டுகிறார்கள். நாகப்பட்டணத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. அங்கே ஒரு முகம் எனக்குத் தெரியாது. போனால் திரும்பி வருகிற போக்கு அல்ல இது.

மாமா விழுந்ததும் கப்பல் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அழுத கண்ணோடேயே எனக்குள் ஓர் ஓரத்தில் அப்பாடா என்றிருந்தது. அது ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. "நடக்க வச்சா நடப்பாரு, படுக்க வச்சா படுத்துடுவாரு. வீட்டுல இருக்கறவங்க கையிலதான் இருக்கு" என்றார் டாக்டர். உங்கள் மகன் என் பக்கம் திரும்பி, "அப்பா எழுந்து நடக்கட்டும் பாக்கியம். நடந்ததும் கிளம்பிடலாம்" என்றார். ஏதோ எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

என் நிலைமையைப் பாருங்கள். மாமா நடந்தால் கப்பல். அவரை நடக்க வைக்க வேண்டியவள் நான். உங்கள் மகன் லாரியோடு ஜொகூர் பக்கம் போனால் சனிக்கிழமைதான் வருகிறார். காலையில் தைலம் தேய்த்து, காலை மடக்கி நீட்டி, தோளில் சாய்த்து நிறுத்துவது நான். சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்தவர், பிறகு வாசல்வரை வந்தார், இப்போது லெட்சுமி வீட்டு வேலிவரை என் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார். அவர் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் பக்கத்து வீட்டார் கை தட்டுகிறார்கள். எனக்கோ கப்பல் ஓர் அடி கிட்டே வந்த மாதிரி இருக்கிறது.

இன்று நடை வேண்டாம், மழை வருகிறது என்று ஒரு நாள் விட்டால் என்ன என்று நினைத்திருக்கிறேன். ஒரு முறை அல்ல, பல முறை. ஆனால் நேரமானதும் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, செருப்பைக் காலால் தேடுகிறாரே, அதைப் பார்த்துவிட்டு எப்படிப் படுக்க வைப்பது? நடக்காத நேரத்தில் இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறார். அடுப்பில் பால் பொங்கினாலும் விடமாட்டார். அவ்வளவு பெரிய வீட்டில் நான் கட்டில் பக்கத்திலேயே கட்டிப்போட்ட மாதிரி கிடக்கிறேன். கோபம் வருகிறது. பாவமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வீர்கள் அத்தை?

இன்னொன்று சொல்ல மறந்தேன். மாமாவுக்குப் பேச்சு கொஞ்சம் திரும்பிவிட்டது. வந்தது தமிழ் இல்லை, மலாய்! வீட்டில் நீங்கள் மலாயில் பேசினால், "தமிழ்ல பேசு" என்று அதட்டிக்கொண்டே இருந்தவருக்குத் தண்ணீர் கேட்கக்கூட இப்போது மலாய்தான் வருகிறது. லெட்சுமி சிரித்துச் சிரித்து அழுதுவிட்டார். உங்கள் மகனுக்கு இதற்கும் ஒரு பதில் இருக்கிறது. "ஊருக்குப் போனா தமிழ் தானா வந்துரும்."

அதிலும் அதிகம் வருவது "தா மாவ்". வேண்டாம் என்று. கஞ்சி கொடுத்தால் தா மாவ். மருந்து, குளியல், தைலம், எல்லாவற்றுக்கும் தா மாவ்தான். போன சனிக்கிழமை உங்கள் மகன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். "அப்பா, மெர்டேக்கா முடிஞ்சதும் கப்பலுக்கு எழுதிடட்டுமா?"

"தா மாவ்."

"மாமா வேணாங்கறாரு, கேட்டீங்கள்ல?" என்று பாய்ந்தேன்.

"அட, அவரு சோத்துக்கும் அதத்தானே சொல்றாரு" என்று உங்கள் மகன் சிரித்துவிட்டு எழுந்து போனார்.

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையிலேயே வேண்டாம் என்கிறாரா? பார்ச்சு அன்று உங்களிடம் விடைபெற வந்தாரா, போக மனமில்லை என்று சொல்ல வந்தாரா? எவ்வளவு பார்த்தும் எனக்குப் புரியவில்லை. "போக வேணாமா மாமா?" என்று மெதுவாகக் கேட்டேன். "தா மாவ்" என்றார். "அப்போ போகணுமா?" அதற்கும் "தா மாவ்" என்றார்.

அன்றுதான் என் புத்தியில் உறைத்தது. இத்தனை மாதமாக அந்தக் கிழவர் வாயிலிருந்து ஒரு வேண்டாம் வந்துவிடாதா என்று நான் காத்திருக்கிறேன். அவர் சொன்னால் நான் சொல்ல வேண்டியதில்லையே. வாய் இழுத்துக்கொண்டது அவருக்குத்தானே அத்தை, என் வாய்க்கு என்ன கேடு?

மெர்டேக்காவுக்காகத் தெருவில் மூங்கில் நட்டு விளக்குத் தோரணம் கட்டுகிறார்கள். நாளை சனிக்கிழமை, உங்கள் மகன் வருகிறார். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக் காலையிலும் மாமாவை நடக்க வைப்பேன், இன்றைவிட நாலு அடி கூடவே. அவர் யார் கையையும் பிடிக்காமல் நடக்கிறவரை விடமாட்டேன். உங்கள் மகன் வந்து உட்கார்ந்ததும், காப்பி ஆற்றிக் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். மாமா போவதானால் கூட்டிக்கொண்டு போங்கள், துறைமுகம்வரை நானே கைபிடித்து வருகிறேன், கப்பலில் ஏற மாட்டேன் என்று.

சொல்லிவிடுவேன் அத்தை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் வாழ வந்து, இங்கேயே இருக்கப்போகிற உங்கள் மருமகள்,
பாக்கியம்