போட்டுப் பார்க்காத பதக்கம்

காலையில் கூரியர் வந்தது. பிரித்துக் கொட்டினால் மேசை முழுக்கப் பித்தளைப் பதக்கங்கள். மயில், மாங்காய், தாமரை. அள்ளிப் பார்த்த கையில் அந்த வாடை இன்னும் இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. உனக்கு இந்த வாடை பிடிக்கும். எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை, பழகிவிட்டது.

ஒரு மயிலை எடுத்துக் கறுப்பு நூலில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு சமையலை முடித்தேன், பஸ் ஏறினேன், ஆபீஸ் போனேன். இப்போது மணி ஏழு. ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போன இந்த ஒரு வருடமாக எதைத் தொட்டாலும் அலுப்புதான். ஆனாலும் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்க வேண்டியது.

உனக்குக் கைத்திறன், எனக்குப் பொறுமை என்று ஆபீஸில் சொல்வார்கள். பொய். என்னிடம் இருந்தது மோசமான தோல் மட்டும்தான். மட்டமான உலோகம் பட்டால் மத்தியானம் மூன்று மணிக்குள் சிவந்து தடித்துவிடும். பக்கத்து மேசையில் இருந்த நீ அதையே முதலாக்கிக்கொண்டாய். எடமலைப்பட்டி புதூரில் உன் வீட்டு முன்னறையில் நாம் கழுத்தணி செய்யத் தொடங்கியபோதே சட்டம் போட்டுவிட்டாய். புதுப் பதக்கம் எது வந்தாலும் முதலில் என் கழுத்தில் ஒரு நாள். வெயிலிலும் பஸ் நெரிசலிலும் வேர்வையில் ஊறி அது கறுக்கக் கூடாது, என் தோலும் சிவக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் வளையம் மாட்டுவதும் மணி கோப்பதும்.

"உன் கழுத்துக்கு ஒத்துக்கிச்சுன்னா ஊருக்கே ஒத்துக்கும்டி" என்பாய். ஒருமுறை உள்ளங்கை அகல யானைப் பதக்கத்தோடு பெரிய அதிகாரி முன்னால் என்னை உட்கார வைத்தாய். "வீட்டுல எதுவும் விசேஷமா மேடம்?" என்று அவர் கேட்க, நீ ஃபைலுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாய். ஒரு வாரம் உன்னோடு சரியாகப் பேசவில்லை நான்.

நீ ஆஸ்பத்திரியில் படுத்தபோது ஒரு டான்ஸ் டீச்சரின் ஆர்டர் கையில் இருந்தது. பன்னிரண்டு சின்னப் பெண்களுக்குக் கழுத்தணி, நடுவில் அன்னப் பதக்கம். அந்த அன்னம் புது இடத்தில் வாங்கியது. காலையில் உனக்குக் கஞ்சி, பிறகு ஆபீஸ், திரும்ப ஆஸ்பத்திரி, வீட்டுக்கு வந்தால் குறடும் கையுமாக உட்கார வேண்டும். அரிப்பெடுத்த கழுத்தோடு உன் பக்கத்தில் எப்படி உட்காருவது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். கோத்தேன், டப்பாவில் அடுக்கினேன், கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் நீ கேட்டாய். "அன்னத்தைப் போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். ஒண்ணும் பண்ணல."

ஊசி குத்தியிருந்த கையால் என் சேலைத் தலைப்பை விலக்கிக் கழுத்தை உற்றுப் பார்த்தாய். சுத்தமாக இருந்தது. போட்டிருந்தால்தானே சிவப்பதற்கு? "நல்ல பதக்கம்டி" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

மறுநாள் பிள்ளைகள் ஆடினார்கள். அடுத்த நாள் காலையில் டீச்சர் எனக்குப் போன் செய்தார். நான்கு பிள்ளைகளுக்குக் கழுத்தெல்லாம் சிவப்பு, ஒருத்திக்குக் கொப்புளமே வந்துவிட்டது. லீவு போட்டு வீடு வீடாகப் போய்ப் பன்னிரண்டையும் திரும்ப வாங்கினேன். கொப்புளம் வந்த குழந்தை, "ஆன்ட்டி, வாத்து கடிச்சிருச்சு" என்றாள். அவள் அம்மா களிம்பு தடவிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

உடம்பு தேறட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். தேறவில்லை. அதன் பிறகு பத்து நாள்தான் இருந்தாய். நடுவில் ஒரு நாள், மாத்திரை கொடுக்க வந்த நர்ஸிடம், "எங்க நகைய தைரியமா வாங்குங்க சிஸ்டர், இவ போட்டுப் பாக்காம எதையும் வெளிய விடமாட்டா" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வருடப் பூசை. முடிந்ததும் மாதா கோயில் வாசலில் உன் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் இனி ஒரு வளையம்கூட மாட்ட முடியாது போலிருந்தது. அவர் கடைசிவரை கேட்டார்.

"அவளுக்குத் தெரியுங்க" என்றார். "டப்பாவுல அவ நம்பர்தானே இருக்கு? டீச்சர் முதல்ல அவளுக்குத்தான் போன் பண்ணாங்க. அவதான் உங்க நம்பரைக் கொடுத்தா."

"என்கிட்ட ஒண்ணுமே கேக்கலையேங்க."

"நானும் சொன்னேன், கேட்டுரும்மான்னு. அவளே சொல்லுவா, இருங்கன்னா."

அந்தப் பத்து நாளும் நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்ததும் நீ, "வேற என்னடி?" என்று கேட்பாய். பேச்சுக்குக் கேட்கிறாய் என்று நினைத்தேன். "ஒண்ணுமில்ல, தூங்கு" என்று போர்வையை இழுத்துவிட்டுக் கிளம்புவேன். கோபத்தில் கேட்டாயா, மன்னித்துவிட்டுத்தான் கேட்டாயா, எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தக் கேள்வி காதை விட்டுப் போகவில்லை.

இன்று சாயங்காலம் பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது வாய்விட்டே சொல்லிவிட்டேன். "நான் போட்டுப் பாக்கலடி."

பக்கத்து ஸீட்டில் இருந்த அம்மா, "என்கிட்டயா பேசுனீங்க?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.