அழிக்காமல் விட்ட கை

மே 22, வெள்ளி

வெயில் கொளுத்துகிறது. மண்ணூர்பேட்டை கம்பெனியில் நாள் முழுக்க வால்வு சோதனை. கீறல் இருந்த ஒரு வால்வுத் தட்டை அப்படியே ரிஜெக்ட் செய்தேன். சூப்பர்வைசருக்குக் கோபம்.

மகள் காவ்யாவுக்கும் என்மேல் கோபம். பிளஸ் டூ முடித்தவளுக்கு ஓவியக் கல்லூரிதான் வேண்டுமாம். கூடாது என்றுவிட்டேன். விண்ணப்பத்துக்குத் திங்கள் கடைசி. வீட்டுக்காரரைக் கேட்டால், இவர் நழுவிக்கொண்டார்: "நீயே சொல்லேன். பாஸா ரிஜெக்டான்னு சொல்றதுதான உன் வேலை."

வாங்க: இட்லி அரிசி, ஃப்யூஸ் கம்பி. செருப்பு தைக்க.

மே 24, ஞாயிறு

காவ்யா கெஞ்சிக் கெஞ்சி, பூந்தமல்லி போனோம். வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா. பழுதுபார்த்துச் சின்ன ஓவியக் காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். என்ன நேர்த்தி! சுண்ணாம்புச் சுவர் வெண்ணெய் மாதிரி. உயர உயரமான ஜன்னல்கள், ஃபேனே வேண்டாம். பழக்கதோஷம், கதவு விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று நகத்தை ஓட்டினேன். காவலாளி ஓடி வந்தார். "யக்கா, இன்னா பண்ணிகினு கீற? தொடாத, பழைய தேக்கு அது!" காவ்யாவுக்கு மானம் போயிற்று. பிசிறு இல்லை.

மாடியில் ஒரு படம். பெண் ஒருத்தி மீன் ஆய்கிறாள். அவள் வலது கைக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு கை. முதலில் அங்கே வரைந்து, பிறகு இடம் மாற்றியிருக்கிறார் ஓவியர். எங்கள் கம்பெனியில் என்றால் சிவப்பு மை.

"தப்ப அழிக்காம உட்டுட்டாரே?"

"அதாம்மா அழகு. கை அசையற மாதிரி இல்ல?"

அசையத்தான் செய்தது. இருபது வருடமாகக் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். இந்தக் குறையை விட்டு நகர மனசே வரவில்லை. கண் கலங்கிவிட்டது, வெட்கமாக இருந்தது. இவள் இதைத்தான் கேட்கிறாள், நான் என்னவோ பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். முழங்கால் வலி.

மே 25, திங்கள்

லீவு போட்டேன். புழுக்கம். விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து போட்டாயிற்று. இவர், "பாஸா?" "பாஸு."

காவ்யாவுக்குக் குதிக்கக்கூட நேரமில்லை. ஆள் உருவம் ஒன்று வரைந்து கூடவே அனுப்ப வேண்டுமாம், இன்றைக்கே. என்னை நாற்காலியில் உட்காரவைத்தாள். "ஆடாதம்மா." அடுப்பில் பருப்பு. இவர் போய் அணைத்தார். ஒன்றரை மணி நேரம். என் முகத்தைப் பார்க்கிறாள், தாளைப் பார்க்கிறாள், திரும்பவும் முகம். பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.