முதல் கஞ்சி

மார்ச் 4, ஞாயிறு

விடிந்ததிலிருந்து காற்று. தங்கம் பிரித்துக் கொட்டின சயனைட் மலைத் தூசி வீடு முழுக்க. குடத்தை இரண்டு தடவை கழுவினேன். பக்கத்து வீட்டில் எல்லம்மா கருவாடு வறுக்கிறாள். பெங்களூர் ஜெயிலுக்குப் போய் மகன் பாபுவைப் பார்க்கிற நாள். வரிசையாக ஒட்டின எங்கள் லைன் வீடுகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. வாசனை இந்தப் பக்கம்தான்.

ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது நல்ல சேலையாம். என் சேகரைக் குத்தினவனைப் பார்க்க நல்ல சேலை.

சாயங்காலம் குழாயடியில் சொல்கிறாள்: "எளச்சிப் பூட்டான்கா. கழுத்தெலும்பு தெரியுது." நாலு பேர் சுற்றி நின்று உச்சுக் கொட்டுகிறார்கள். என் பிள்ளை இனிமேல் இளைக்கவும் மாட்டான், பெருக்கவும் மாட்டான்.

மார்ச் 6, செவ்வாய்

அரிசியில் ஒரே கல்.

மேல் கோர்ட்டிலும் பாபுவுக்குத் தூக்குதான். இனி ஜனாதிபதிக்கு மனு. புத்த சங்கத்து வாத்தியார் எழுதிக்கொண்டு லைன் முழுக்கக் கையெழுத்து வாங்குகிறார். செத்தவனைப் பெற்றவள் கையெழுத்து இருந்தால் பலமாம். என் வாசலுக்கும் வந்தார்.

"இவனையும் தொங்கவுட்டா சேகர் எழுந்து வருவானாம்மா? உயிர்க்கொலை செய்ய மாட்டேன்னு வாராவாரம் வாயால சொல்றோமே, அது இன்னா சும்மாவா?"

அந்தப் பக்கம் போன முனுசாமி மேஸ்திரி நின்றுவிட்டார். "வாத்தியாரே, அந்தம்மா கைல பேனா குடுக்க உமக்கு எப்டி மனசு வந்துச்சு? இவன வுட்டா நாளைக்கு அவனவன் இடுப்புல கத்தி வெச்சிக்கினுதான் ஷிப்டுக்கு வருவான்."

"சர்க்கார் கொன்னா அது கொல இல்லியா?"

"அது தண்டன."

"சாவுறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்யா."

"சேகருக்கு யாராவது மனு போட்டாங்களா? அவன் ஒரு நிமிசம் கேட்டிருந்தா குடுத்திருப்பானா உங்க பாபு?"

வாத்தியார் மனுவை மடித்துக்கொண்டார். நான் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி சொல்வதும் சரி. வாத்தியார் சொல்வதும் சரி. எனக்கு ரெண்டும் வேண்டாம். எல்லம்மாவுக்கு இருப்பது வேண்டும்.

மார்ச் 7, புதன்

அவளுக்கு இருப்பது: மாதம் ஒரு தடவை அவன் முகம். கேட்டால் பதில் சொல்ல ஒரு வாய். தூக்கு என்றாலும் எந்த நாள் என்று முன்னாலேயே சொல்வார்களாம். போய்ப் பார்த்து, இன்னாடா வேணும் என்று கேட்கலாம்.

எனக்கு: நந்திதுர்க் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து சீட்டாட்டத்தில் வாய்ச்சண்டை, எவனோ சேகரைக் குத்திவிட்டான் என்று யாரோ சொல்ல, ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். துணி போட்டு மூடியிருந்தார்கள். காலையில் தின்னுட்டுப் போடா என்றதற்கு வேணாம்மா என்றான். அவ்வளவுதான் பேச்சு.

விறகு தீர்ந்தது. சொல்ல வேண்டும்.

மார்ச் 10, சனி

எதிர்வீட்டு சரோஜா வந்தாள். "மனு நிக்கலன்னா சீக்கிரமே முடிச்சிருவாங்களாம்கா. பாவம் எல்லம்மா, புருசனும் இல்ல. லைனே அவ வூட்லதான் கெடக்கணும்." வாசலில் இறங்கும்போது, "மொத கஞ்சி நீதானேக்கா குடுக்கணும்?"

சாவு வீட்டில் அடுப்பு எரியாது. முதல் கஞ்சி சுவர் ஒட்டின வீட்டிலிருந்து வர வேண்டும், அதுதான் எங்கள் லைன் முறை. எல்லம்மாவுடையது வரிசையில் கடைசி, கோடி வீடு. ஒட்டின சுவர் என்னுடையது ஒன்றுதான்.

சேகரைக் கிடத்தியிருந்தபோது எனக்கு அவள்தான் கொண்டுவந்தாள். குத்தினது யார் என்று அப்போது ரெண்டு வீட்டுக்கும் தெரியாது. தலையைப் பிடித்துப் புகட்டினாள், குடித்தேன். பொழுது சாய்ந்துதான் போலீஸ் பாபுவைப் பிடித்தது. விரலை விட்டு வாந்தி எடுக்கப் பார்த்தேன். வரவில்லை.

சரோஜா போன பிறகும் அதே யோசனை. இந்த லைனில் பிள்ளையை அநியாயமாகப் பறிகொடுத்தவள் இப்போதைக்கு நான் ஒருத்தி. பாபு போனால் அவளும். அவளுடையது புதுசு, என்னுடையது பழசு. சனமெல்லாம் அந்த வாசலில் உட்காரும். தூக்கில் போட்டார்களே, இதைவிடக் கொடுமை உண்டா என்று சொல்லும். சேகருக்காக அழ ஆள் இருக்காது. அந்த அழுகையையும் அவளே எடுத்துக்கொள்வாள். நான் கஞ்சிச் சட்டியோடு நிற்க வேண்டும்.

மார்ச் 11, ஞாயிறு

காற்று இல்லை. வெயில்.

வாத்தியாரைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ரங்கம்மாள் என்று முழுசாக. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரிய மனசும்மா உங்களுக்கு. மன்னிச்சிட்டீங்க." நான் மன்னிக்கவில்லை. எல்லம்மா வாசலில் சனம் உட்காரக் கூடாது, நான் கஞ்சி தூக்கக் கூடாது, அவ்வளவுதான். சொன்னால் நோகும், சொல்லவில்லை.

மேஸ்திரி முகம் கொடுக்காமல் போகிறார்.

எல்லம்மா ஓடிவந்து காலில் விழப் பார்த்தாள். காலை இழுத்துக்கொண்டேன். "அக்கா, அவங்கிட்ட இன்னா சொல்லட்டும்?"

"எளச்சிக்கினே இருக்கச் சொல்லு. நீ வந்து சொல்லிக்கினே இரு."

அரிசி ஊற வைத்திருக்கிறேன். அரை ஆழாக்கு. எனக்கு மட்டும்.